மாரிக் கடலோரம் நடந்த இரண்டு நாள்

கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணிகள் வருவது சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையில்தான். அப்போது கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி கழிந்து வாடைக்காற்று எழும்பிவிட்டால் பாசிக்குடா முதல் அறுகம்குடா வரை விடுதிகள் வெறிச்சோடிப் போகும். மட்டக்களப்பில் வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டுகிறது. இந்த நாளில் கடற்கரைக்கு யார் போவார்கள் என்று கேட்பீர்கள். அறை வாடகை பாதியாகக் குறைவதும், கரையில் ஆண்களின் கூட்டம் இல்லாததும் எம்மைப் போன்றவர்களுக்கு வாய்ப்பான விடயங்கள்.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை, நானும் எமது பெண்கள் சங்கத்து அக்காமார் இருவரும் கல்லடியில் தங்கினோம். "கூட்டமொண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் இருவருமே வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். கூட்டம், ஆஸ்பத்திரி, கோயில், செத்தவீடு. இந்த நான்கையும் தவிர ஒரு பெண் வெளியில் தங்குவதற்கு எமது ஊர்களில் காரணம் கிடையாது. சும்மா நடப்பதற்கும் ஓய்வதற்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள். தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணென்றால் சிரிப்போடு நிற்காது, வேறு கதையும் வரும்.

கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பாடும் மீனின் ஓசை கேட்க இது காலமல்ல. அதற்குக் கோடைகாலத்துப் பூரண நிலவு வேண்டும். சுனாமியில் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வடக்கே நாவலடிப் பக்கம் திரும்பினோம்.

நாவலடி என்பது ஒரு புறம் கடல், மறு புறம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. மூத்த அக்கா பிறந்து வளர்ந்தது அங்கேதான். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் அந்தத் திட்டைக் கடந்து வாவிக்குள் விழுந்தது. அன்று கிழக்கில் இறந்தவர்களில் பெண்களே அதிகம். வீட்டில் நின்றவர்கள், நீந்தத் தெரியாதவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். அக்கா இப்போது இருப்பது திராய்மடுவில். வருடத்தில் ஒரு நாள், நினைவு நாளுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு, கடலைப் பாராமலே திரும்பிவிடுவாராம்.

அன்றும் அவர் கடலுக்கும் தனக்கும் நடுவில் என்னை விட்டுத்தான் நடந்தார். குடை காற்றில் மடங்கியது. மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டோம். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் மழையில் பளிச்சென்றிருந்தன. தோணிகளை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். பேச்சு அதிகமில்லை. அலைச் சத்தத்தில் பேசவும் முடியாது.

ஓரிடத்தில் அவர் நின்றார். அத்திவாரக் கல்லும் ஒரு கிணற்றுக் கட்டும் மட்டும் தெரிந்தன.

"இது எங்கட கிணறு, பிள்ள. கடலுக்குப் பக்கமெண்டாலும் நல்ல தண்ணி."

மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் அதன் மேலே மிதந்து நிற்கும். கரையோரக் கிணறுகள் நன்னீர் தருவது இப்படித்தான். சுனாமி அவற்றையெல்லாம் உவராக்கியது. அவசரப்பட்டு இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்புத்தான் ஏறியது. பிறகு வந்த மாரி மழைகள்தான் மெல்ல மெல்லக் கழுவின. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா போத்தல் மூடியால் கொஞ்சம் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். மற்ற அக்காவுக்கும் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் என் வலது கைப்பக்கம், கடலோரமாக நடந்தார். எப்போது மாறினார் என்று கவனிக்கவில்லை. (இந்தக் காலத்தில் கடலில் இறங்க வேண்டாம், இழுவை பொல்லாதது. நாம் காலை நனைத்ததோடு சரி.)

முகத்துவாரம் வெட்டித் திறந்திருந்தது. வாவியின் மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்து நெடுந்தூரம் தனி நிறமாகத் தெரிந்தது. வயல் மூழ்காமல் காப்பதற்கு இந்த வாயைத் திறக்க வேண்டும். எப்போது திறப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் ஒத்துப்போவதில்லை. அப்பால் பாலமீன்மடுவில், 1913இல் கட்டிய வெளிச்சவீடு மழைப்புகாருக்குள் நின்றது. வெறுமையாகக் கிடந்த வாடியொன்றுக்குள் ஒதுங்கி, அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் தின்றோம்.

அக்காவின் தொலைபேசி அடித்தது. மகன்.

"கூட்டம் முடிஞ்சிட்டா அம்மா?"

"இல்ல மகன், நாளைக்கும் இருக்கு" என்றார் அக்கா, கிழங்கை மென்றபடியே.