வெண்ணெய் வாங்கக் கப்பல் ஏறியவர்கள்

அரைக் கிலோ வெண்ணெய் வாங்க யாராவது கப்பல் ஏறுவார்களா? மேற்கு ஜெர்மனியின் வடகோடியில் ஒரு காலத்தில் ஏறினார்கள். அந்தப் பயணத்துக்குப் பெயரே 'புட்டர்ஃபார்ட்'. தமிழில் சொன்னால் 'வெண்ணெய்ப் பயணம்'.

பால்டிக் கடலோரத்தில் ஃபிளென்ஸ்பர்க் என்று ஒரு துறைமுக ஊர். எதிரே டென்மார்க் நாட்டுக் கரை கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களும் குடும்பப் பெண்களும்தான் அதிகம். கட்டணம் சொற்பம். கப்பல் எல்லையைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் கடையில் விற்பனை தொடங்கிவிடும். வெண்ணெய், மது, சிகரெட், வாசனைத் திரவியம் எல்லாமே ஊர்க்கடையைவிட மலிவு. ஆளுக்கு இவ்வளவுதான் என்று சுங்கத்துறை அளவு வைத்திருந்தது. அந்த அளவுக்கு வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு, அன்றைக்கே வீடு திரும்பிவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபிளென்ஸ்பர்க் இருக்கும் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் பால்மாடுகளுக்குப் பேர்போனது. மாடு கறக்கிற ஊரில் வெண்ணெய் விலை அதிகம், மாடே இல்லாத கடலில் விலை குறைவு. இது எப்படி?

அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1962-ல் பொது வேளாண் கொள்கையைக் கொண்டுவந்தது. பாலுக்கான பொதுச் சந்தை ஏற்பாடு 1968-ல் வந்தது. வெண்ணெய் விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அரசு அமைப்பே வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டு வெண்ணெய் மலிவாக உள்ளே வந்துவிடாதபடி அதன்மேல் தீர்வை போடும். மாடு வளர்ப்பவருக்கு விலை உறுதியானது. அந்த விலையைக் கடையில் கொடுத்தவர் நுகர்வோர். கப்பல் கடையோ இந்த வேலிக்கு வெளியே இருந்தது. வரியும் கிடையாது, தீர்வையும் கிடையாது. அதனால்தான் மலிவு.

விலை உறுதி என்றதும் உற்பத்தி பெருகியது. விற்காத வெண்ணெய் குளிர்பதனக் கிடங்குகளில் குவிந்தது. 'வெண்ணெய் மலை' என்று செய்தித்தாள்கள் எழுதின. 1980-களில் அந்தக் கையிருப்பு 10 லட்சம் டன்னைத் தாண்டியது. கிடங்குச் செலவு ஒரு பக்கம், மானியம் கொடுத்து வெளிநாட்டில் தள்ளிவிடும் செலவு இன்னொரு பக்கம். கடைசியில் 1984-ல் பால் உற்பத்திக்கே ஒதுக்கீடு வைத்தார்கள். அதைத் தாண்டிய பாலுக்குத் தீர்வை கட்ட வேண்டியிருந்தது. அந்த முறை 2015 வரை நீடித்தது.

இதற்கிடையே, கரையில் வரி கட்டி வியாபாரம் செய்தவர்கள் கப்பல் விற்பனையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வேறு நாட்டுத் துறைமுகத்தில் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற கப்பலுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1981-ல் தீர்ப்பளித்தது. 1999 ஜூன் மாதத்தோடு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையிலான பயணங்களில் வரியில்லா விற்பனையே நின்றது. வெண்ணெய்க் கப்பல்களின் காலமும் முடிந்தது.

இந்தக் கதைக்கு நம் ஊர்ப் பால் கேனோடும் தொடர்பு உண்டு. ஐரோப்பாவில் மிஞ்சிய பால் பவுடரும், 'பட்டர் ஆயில்' எனப்படும் வெண்ணெய்க் கொழுப்பும் உலக உணவுத் திட்டத்தின் வழியாக இந்தியாவுக்கு நன்கொடையாக வந்தன. அவற்றை நகரங்களில் அடிமாட்டு விலைக்கு விட்டிருந்தால், நம் கறவைமாட்டுக்காரர் பாலை யார் வாங்கியிருப்பார்கள்? டாக்டர் வர்கீஸ் குரியன் தலைமையில் இருந்த தேசியப் பால்வள வாரியம் அப்படி விடவில்லை. அவற்றிலிருந்து தயாரித்த பாலை உள்ளூர் விலை சரியாதபடி விற்று, அந்தப் பணத்தைக் கூட்டுறவுப் பால் பண்ணைத் தொழிலில் முதலீடு செய்தது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு அதுதான் முதல். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரச் சந்தைகளோடு பால் உற்பத்திப் பகுதிகள் அப்படித்தான் இணைக்கப்பட்டன.

அதே உபரி அங்கே முதியவருக்கு நாலு காசு மிச்சம், கடைக்காரருக்கு நஷ்டம். இங்கே சங்கத்தில் பால் ஊற்றுகிறவருக்கு மூலதனம். அதை என்ன விலைக்கு விற்றார்கள், அந்தப் பணம் எங்கே போனது என்பதில்தான் வித்தியாசம்.

சமையல் எண்ணெய்க்கோ பருப்புக்கோ இறக்குமதித் தீர்வை குறைகிறது என்ற செய்தி வரும்போது விவசாயி மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பொருள் அங்கே ஏன் மலிவு? அந்த மலிவுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? இங்கே வந்து விற்ற பிறகு லாபம் யார் கைக்குப் போகிறது? மூன்றுக்கும் பதில் தெரிந்தால், எந்தச் செய்திக்குச் சந்தோஷப்படுவது, எதற்குச் சங்கத்தைக் கூட்டிப் பேசுவது என்பது தானே விளங்கிவிடும்.