வரப்பில் பறித்ததாக எழுதினேன்

முனைவர் பட்ட ஆய்வேட்டில், கீழாநெல்லியைத் தஞ்சாவூர்ச் சுற்றுவட்டார வயல் வரப்புகளில் பறித்ததாக எழுதியிருக்கிறேன். அது பொய். கீழவாசல் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டாக வாங்கியது.

அப்போது சித்திரை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால்தான் ஆற்றில் தண்ணீர். ஈரம் கண்டால் கேட்காமலே முளைக்கும் செடி, வெடித்த வரப்பில் எங்கே இருக்கும்? ஆய்வுக்கான எலிகளோ வந்துவிட்டன. கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஊரார் கீழாநெல்லி என்று வாங்குவதைத்தான் கொடுத்தார். அடைமழைக் காலத்தில் வாய்க்கால் கரையில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, தாவரவியல்காரர் ஒருவரிடம் 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டேன். எலிகளுக்குப் போனது வேறு, சான்றிதழ் பெற்றது வேறு.

இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கலாம். அமாரஸ், டெபிலிஸ், மதராஸ்படென்சிஸ் என்று பல இனங்கள் சந்தையில் ஒரே பெயரில் கலந்து வருகின்றன. செடியில் உள்ள 'பில்லாந்தின்' என்ற வேதிப்பொருளின் அளவு இனத்துக்கு இனம் மாறும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு (நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அதில் உண்டு) லான்செட்டில் எழுதிய கட்டுரைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. அமாரஸ் பொடி சாப்பிட்ட, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அதன் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. 1990-இல் தாய்லாந்து ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமோ பறித்த இடமோ பருவமோ காரணமாகலாம் என்று விவாதம் எழுந்தது. அதை என் முன்னுரையிலேயே ஒரு பத்தி விளக்கியிருக்கிறேன்!

கார்பன் டெட்ராகுளோரைடால் எலியின் ஈரலைக் கெடுத்து, சாறு கொடுத்து, ஈரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி இறங்கியதைக் காட்டினேன். ஒப்பீட்டு மருந்தான சிலிமாரினுக்குச் சமமாக இறங்கியது. எண்கள் உண்மை, எந்தச் செடியின் எண்கள் என்பதுதான் தெரியாது. சாற்றின் வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஒரு டிஎல்சி தகடு ஓட்டியிருந்தால் ஒரு மதியத்தில் ஓரளவு தெரிந்திருக்கும். தகடும் இருந்தது, யுவி விளக்கும் இருந்தது. விடை பாதகமாக வந்துவிடுமோ என்று ஓட்டவில்லை. இதைச் சோம்பல் கணக்கில் எழுத முடியாது.

அந்த ஒரு கட்டை ஈரல், வீக்கம், ஆன்டி-ஆக்சிடன்ட் என்று தனித்தனிக் கட்டுரைகளாகப் பிரித்தேன். 2010-இல் யுஜிசி, ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏபிஐ மதிப்பெண் கொண்டுவந்ததும் அவையே என்னைப் பேராசிரியர் நாற்காலிக்கு ஏற்றிவிட்டன.

பிறகு என்னிடம் சேர்ந்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், உங்க சாம்பிள் எந்த ஊர் வரப்பு? நானும் அங்கேயே பறிக்கிறேன்." திருவையாற்றுப் பக்கம் என்று வாய்கூசாமல் சொன்னேன். போனாள், பறித்தாள். அவளுடைய எண்கள் என்னுடையவற்றோடு ஒத்துவரவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, புதிதாக எலிகள் வரவழைத்து முதலிலிருந்து தொடங்கினாள். "இந்தத் தடவை கவனமா செய்யும்மா" என்றேன்.