மலிவு வேறு, சிக்கனம் வேறு

கணனி விளையாட்டு என்றதும் முகஞ் சுளிக்கிற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆனால், விளையாடுவதற்கென ஒரு கணனியைக் குறைந்த செலவில் பாகம் பாகமாகத் தெரிவு செய்வது விளையாட்டான காரியமன்று. பத்திரிகை அலுவலகத்தில் முப்பது வருடங்களாக நான் செய்துவரும் வேலைக்கு அது மிக நெருக்கமானது. பக்கத்தில் இருக்கும் இடம் இவ்வளவுதான். வந்து குவிந்திருக்கும் செய்திகளோ அதைப்போல் மூன்று மடங்கு. எதை வெட்டுவது, எதைக் காப்பது என்பதில்தான் ஒருவரின் பத்திரிகை அறிவு வெளிப்படும். வெட்டத் தெரியாதவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவார். எந்தச் செய்தியும் முழுமையாக வராது.

இதை நான் நெருங்கிப் பார்க்க நேர்ந்தது 2024 டிசெம்பரில். வவுனியாவில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணை, இவனுக்கு கேம் விளையாடுற கொம்பியூட்டர் வேணுமாம். ரண்டரை லட்சம் வேணுமெண்டு நிக்கிறான். நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. தேவையில்லையெண்டால் அவனுக்கு நேரவே சொல்லிப்போடுங்கோ."

கணவரை இழந்தவள். வீட்டு ஓடு மாற்றுவதற்காக இரண்டு வருடம் கட்டிய சீட்டுக் காசுதான் அந்த இரண்டரை இலட்சம். மகனுக்கு இருபது வயது; தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். அவன் கேட்பது வெறும் விளையாட்டுப் பொருள் என்று தாய் நம்பினாள். தன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை என்று மகன் நம்பினான். இருவரும் இரண்டு வாரமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கிடைத்தது நடுவர் வேலை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணனிப் பாகங்கள் அனைத்தும் நமக்குக் கடல் கடந்தே வருகின்றன. 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த வருட மே மாதத்தில் 360 ரூபா வரை போயிற்று. 2024 முடிவில் 300க்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. இடையில், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. வேறு நாட்டில் ஓர் இளைஞன் சில வார உழைப்பில் வாங்கும் பொருளுக்கு நம்மூர் ஆசிரியை இரண்டு வருடம் சீட்டுக் கட்டவேண்டியிருக்கிறது. இங்கே பிழையான தெரிவு என்பது கைதவறிய செலவு அல்ல. ஒரு கூரையின் விலை.

மருமகன் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினான். எட்டுக் கருக்கள் கொண்ட புரொசசர், கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் உள்ள கேசிங், அதற்கேற்ற மதர்போர்ட். மிஞ்சிய காசில் ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்ட். பவர் சப்ளைக்கு எதிரே "கேசிங்கோடு வரும்" என்று மட்டும் எழுதியிருந்தான். ஒரு கடை போட்டுக்கொடுத்த "பக்கேஜ்" அது என்பது பின்னர் தெரிந்தது. நான் மறுக்கவில்லை. "தம்பி, ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில ஏன் இது எண்டு ஒரு வரி எழுது. அம்மாவுக்கு விளங்குற மாதிரி எழுது" என்றேன். செய்தியாளருக்குக் கொடுக்கும் பணிதான். அதே நேரத்தில் நானும் படிக்கத் தொடங்கினேன்.

விளையாட்டுக் கணனியில் திரையில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்ட். ஆகவே மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்கு அதற்குப் போவது நியாயம். எட்டுக் கரு புரொசசரும் நலிந்த கார்ட்டும் சேர்ந்தால், பெரிய தவிலுக்குச் சின்ன நாதஸ்வரம் வைத்த கச்சேரிதான். 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரைக்கு றேடியன் ஆர்எக்ஸ் 6600 போதுமானது. 2021இல் வெளிவந்தது, 8 ஜீ.பி. நினைவகம் கொண்டது, 132 வாட் மின்சாரத்தில் இயங்குவது. எங்களுக்குக் கிடைத்த விலைக்கூற்றுகளில் ஆர்டிஎக்ஸ் 3050 அதைவிட விலை கூடவாக இருந்தது, வேகமோ குறைவு. பெட்டியிலுள்ள பெயருக்கும் காசு கொடுக்கிறோம் என்பதை அந்த ஒப்பீடு காட்டியது.

பழைய கார்ட் வாங்கலாமே என்றும் பார்த்தோம். 2022 செப்டெம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியபோது, அதுவரை கார்ட்டுகளை வைத்து மெய்நிகர் நாணயம் தோண்டியவர்கள் அவற்றைச் சந்தையில் தள்ளினார்கள். இரவு பகலாக உழைத்த கார்ட்டெல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், உத்தரவாதம் இல்லாத பொருளை வாங்கத் துணிபவரிடம், அது பழுதானால் இன்னொன்று வாங்கும் வசதி இருக்கவேண்டும். தங்கையிடம் அது இல்லை.

புரொசசருக்கு றைசன் 5 5600. ஆறு கருக்கள், 65 வாட். அதற்குள் படம் வரையும் பகுதி இல்லை. கார்ட் இன்றித் திரை ஒளிராது. கையில் காசு இன்னும் குறைவென்றால் 5600ஜீ வாங்கி, அதனுள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் தொடங்கி, கார்ட்டைப் பின்னர் சேர்க்கலாம். அப்படிச் செய்வோர் றாமை ஒரே துண்டாக வாங்கக்கூடாது. 16 ஜீ.பி. தேவையென்றால் எட்டும் எட்டுமாக இரண்டு துண்டுகள் வேண்டும். அங்கே கிராபிக்ஸும் அதே றாமையே பகிர்ந்து பயன்படுத்துகிறது. இரட்டைப் பாதை இல்லாவிட்டால் படம் திணறும். கார்ட் உள்ள கணனிக்கும் இரண்டு துண்டு நல்லதே.

மதர்போர்ட்டில் நாங்கள் பி550 வகையைத் தெரிவு செய்தோம். அதன் ஏஎம்4 இருக்கைக்கு 2017இல் முதல் றைசன் வந்தது. 2024 வரையும் புதிய புரொசசர்கள் வந்துகொண்டிருந்தன. இரண்டு மூன்று வருடம் கழித்து போர்ட்டை மாற்றாமல் இன்னும் வலுவான புரொசசர் ஒன்றை அதில் பொருத்தலாம். வன்தட்டு வேண்டாம், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி. ஒரே விளையாட்டு 100 ஜீ.பி.யைத் தாண்டுவது இன்று சாதாரணம்.

இனி, எவரும் பார்க்காத பாகம். பவர் சப்ளை. மலிவான கேசிங்கோடு இனாமாக வரும் பெட்டியில் "500 வாட்" என்று ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை. "80 பிளஸ்" முத்திரைகூட மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வதே தவிரப் பாதுகாப்பைச் சொல்வதன்று. வோல்ற்றளவு கூடினால், மின்னோட்டம் மிஞ்சினால் தன்னை நிறுத்திக்கொள்ளும் காப்பு உண்டா, எத்தனை வருட உத்தரவாதம் என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள். எங்கள் கணனிக்கு 250 வாட் அளவே தேவைப்படும். ஆயினும் ஐந்து வருட உத்தரவாதத்துடன் 550 வாட் ஒன்றை வாங்கச் சொன்னேன். வண்ண விளக்குக் கேசிங் போனது. அந்தக் காசு இங்கே வந்தது.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று மருமகன் கேட்டான். தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் யாழ்ப்பாணத்தில் மாணவன். மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்போம். கை தளர்ந்தால் செய்தி தேய்ந்து மறையும். வேகமாகச் சுற்றினால் வானொலி கருகிவிடுமோ என்று பயம். ஒரே சீராகச் சுற்றத் தெரிந்தவனுக்குத்தான் ஊரில் மரியாதை. நல்ல பவர் சப்ளை செய்வதும் அதே வேலைதான் என்றேன். சிரித்தான். பிறகு பட்டியலில் அந்த வரியை அவனே எழுதினான்: "கரண்ட் ஒழுங்கா வராட்டி மற்றச் சாமான் எல்லாம் வீண்."

திரையையும் சேர்த்து இரண்டரை இலட்சத்துக்குள் அடங்கிய திருத்திய பட்டியலைத் தங்கை இரவில் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாளாம். ஒவ்வொரு வரியையும் பரீட்சைத் தாள் போலத் திருத்தினாளாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதில படிக்கிற வேலையும் செய்யலாமோ?"

"செய்யலாம் அம்மா. விளையாடுவனும்தான்."

பொய் சொல்லாமல் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே காசை எடுத்துக் கொடுத்ததாக என்னிடம் பின்னர் சொன்னாள்.

2025 ஜனவரியில் அவன் கொழும்புக்கு வந்தான். இருவருமாகப் பம்பலப்பிட்டியில் அலைந்து பாகங்களை வாங்கினோம். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் போய், வீட்டில் தானே பொருத்தினான். அடுத்த மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று. பாணந்துறை உபநிலையத்துக்குள் குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. அந்த வேளையில் கணனி ஓடிக்கொண்டிருந்ததாம். மின்சாரம் திரும்பியபின் கணனியும் குறையில்லாமல் எழுந்தது.

இன்று வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக் குவிக்கத் தொடங்கியதால், றாம் விலை இரு மடங்குக்கும் மேல் ஏறிற்று. ஆகவே எங்கள் பட்டியலை அப்படியே பிரதி பண்ணாதீர்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 றாம் கிடந்தால், அதற்கு இடங்கொடுக்கும் போர்ட்டைத் தெரிவு செய்யுங்கள். எண்கள் மாறும், ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி எழுதும் பழக்கம் மாறத் தேவையில்லை.

மருமகன் இப்போது அயலாருக்கும் கணனி பொருத்திக் கொடுக்கிறான். தங்கை ஓட்டுக்கான சீட்டை மறுபடி தொடங்கியிருக்கிறாள். மாதத் தவணையில் பாதியை அவன் கட்டுகிறான். விளையாட்டையும் விடவில்லை.