மதுரையை விடக் கிட்ட யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து விமானத்தில் போனால் எது கிட்ட, மதுரையா யாழ்ப்பாணமா? வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பாருங்கள். மதுரை ஏறக்குறைய 420 கி.மீ.; யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 360-க்கும் குறைவு. பலாலிக்குப் பறப்பது இரட்டைப் புரொப்பல்லர் வைத்த சின்ன ஏ.டி.ஆர். விமானம்தான். அதுவே ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடும்.

ஆனால் இலங்கை உள்நாட்டுப் போர்க்காலம் தொட்டு, 2019 நவம்பரில் பலாலி–சென்னை விமானம் வரும்வரை, யாழ்ப்பாணத்து ஆட்கள் வடக்கே வருவதற்கு முதலில் தெற்கே போக வேண்டியிருந்தது. கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கி.மீ., போர் ஓய்ந்தபின் என்றால் ராத்திரி முழுக்க பஸ். அப்புறம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி, வந்த தூரத்தை வானத்தில் திரும்ப அளக்க வேண்டியிருந்தது. கொரோனாவில் நின்ற பலாலி சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது.

ஊருக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்பதை அரசியலும் டைம்டேபிளும்தான் முடிவு செய்கின்றன. கிலோமீட்டர் சும்மா கணக்குக்கு.