ஐ-திரு

திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமா போன் செய்தார். "ஏம்ப்பா, நம்ம மொட்டை மாடிக்கு ஒரு நம்பர் குடுத்திருக்கான். என்னான்னு பாத்துச் சொல்லு."

மாடியில் மகன் வாங்கி வைத்துக் கொடுத்த வானிலைக் கருவிக்குத்தான் நம்பர். காற்று, வெயில், மழை மூன்றையும் அளந்து இன்டர்நெட்டில் அனுப்பிவிடும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். திருவாரூரிலும் நன்னிலத்திலும் அரசு மழைமானி உண்டு. இவர் வயல் நடுவில். ஒரு கார்த்திகையில் அங்கே 9 சென்டிமீட்டர், இங்கே 2 என்று பேப்பரில் வந்தது. "என் வயல்ல எவ்வளவுடா? நாத்து முழுகின அப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார். காமர்ஸ் படித்தவன், கணக்குப் போட்டேன். 7 சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர் தண்ணீர். சும்மா இல்லை!

சரி, பெயர். அரசாங்க நிலையங்களுக்கு உலக அளவில் ஐந்து இலக்க எண். நாகப்பட்டினம் 43347. முதல் இரண்டு இலக்கம் வட்டாரம். தென்னிந்தியாவும் இலங்கையும் 43-இல் வரும்.

வீட்டுக் கருவிக்கு அந்த மரியாதை கிடையாது. அமெரிக்காவில் ஆரம்பித்த ஒரு தன்னார்வலர் திட்டத்தில், நீங்கள் ஹாம் ரேடியோக்காரர் என்றால் உங்கள் ரேடியோ அழைப்புப் பெயரே கருவிக்கும் பெயர். நம் ஊர் ஹாம்களுக்குப் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்குமே, அதுதான். மற்றவர்களுக்கு 'சி.டபிள்யூ.' போட்டு நாலு இலக்கம். அது தீர்ந்ததும் டி.டபிள்யூ., ஈ.டபிள்யூ. டி.என். 50-இல் வண்டி நம்பர் தீர்ந்தால் அடுத்த எழுத்துக்குப் போகிறார்களே, அதே கதை.

மாமா சேர்ந்தது வெதர் அண்டர்கிரவுண்டில். அங்கே அமெரிக்கக் கருவிக்கு முதலில் 'கே', பிறகு மாநிலம், ஊர்ப் பெயரின் முதல் சில எழுத்து, கடைசியில் வரிசை எண். நமக்கெல்லாம் 'ஐ'. ஒரு காலத்தில் இங்குள்ள கருவிகளுக்கு 'ஐ-தமிழ்நா' என்று பெயர் வந்தது. 'டு'வுக்கு இடமில்லை!

மாமாவுக்குக் கிடைத்தது 'ஐ-திரு', ஒரு எண்.

"திருன்னா எந்த ஊருப்பா? திருவள்ளூரும் திரு, திருவண்ணாமலையும் திரு. தியாகராஜர் இருக்கிற ஊருக்கு இவ்வளவுதானா?"

ரயில்வேக்காரன் டி.வி.ஆர். என்று தனியாகக் கொடுத்திருக்கிறான் என்று வருத்தம் வேறு. பெயரில் என்ன இருக்கிறது மாமா, அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்திருக்கிறீர்களே, வரைபடத்தில் உங்கள் மாடியில்தான் புள்ளி விழும் என்றேன். சமாதானமாகவில்லை.

அடுத்த ஐப்பசியில் விடிகாலை நாலரைக்கு போன் அடித்தது. அந்த நேரத்து போன் என்றாலே நமக்கு வயிறு கலங்கும், இல்லையா?

"ஐ-திரு பேசறேன். ராத்திரியிலேருந்து 6 சென்டிமீட்டர். இன்னும் விடலை. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வடிகால் வெட்டப் போறேன். உங்க அத்தை தனியா இருக்கா, ஏழு மணிக்கு ஒரு போன் போட்டுப் பேசு."