'ஷல்' சொன்ன சேதி

சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். "கீழ்க்கோர்ட்டுக்குத் தமிழ் போதுமே, மேடம்!" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், அரசியல் சட்டத்தின் 348-வது ஷரத்துப்படி சென்னை ஹைகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் இன்றும் ஆங்கிலம்தானே! அதைச் சொன்னால் கொட்டாவிதான் வரும்.

அதனால், வீட்டிலுள்ள ஆங்கிலப் பத்திரம் எதையாவது கொண்டுவரச் சொன்னேன். 'ஷல்' என்றால் பொதுவாகச் செய்தே ஆகவேண்டும்; 'மே' என்றால் செய்யலாம். "ரெண்டையும் தேடிப் பிடிங்க!" என்றேன்.

வாயே திறக்காத ஒரு பெண், வாடகை ஒப்பந்தத்துடன் எழுந்தாள். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் அம்மாவை மிரட்டறார், மேடம். இதுல மூணு மாச நோட்டீசுக்கு 'ஷல்'னு போட்டிருக்கே!" என்றவள், அந்த வரியை ஆங்கிலத்தில் கணீரென்று படித்தாள்.

தேவை புரிந்தால் பாஷை தானே வரும், சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.