மூன்று நாள் விருந்தும் ஒரு கேள்வியும்

கீழக்கரையின் நடுத்தெருவை ஒட்டிய உறவினர் இல்லத்தில் மூன்று நாட்கள் தங்கும் வாய்ப்பை அண்மையில் அல்லாஹ் எங்களுக்கு அருளினான், அல்ஹம்துலில்லாஹ். விருந்தோம்பல் மூன்று நாட்கள், அதற்கு மேல் அளிப்பது தர்மம் என நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த எல்லையை மனத்தில் கொண்டே பயணத்தை வகுத்திருந்தோம்.

மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் வளர்த்த பழைய துறைமுகம் கீழக்கரை. அங்குள்ள ஜும்ஆ பள்ளிவாசல் 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரால் எழுப்பப்பட்டது. அதன் கல்தூண்கள் கோயில் மண்டபங்களைச் செதுக்கிய அதே தமிழ்க் கல்தச்சர் மரபில் வந்தவை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழியை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் அமைத்த கூரையின் கீழ் ஃபஜ்ரு தொழுதபோதுதான் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு முதியவர் எங்கள் ஊரை விசாரித்தார். பெசன்ட் நகர், கடற்கரைக்கு மிக அருகில் என்றோம். முகம் மலர்ந்து, “அங்கே கடலுக்குப் போறவங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்றார். குறை காணும் நோக்கம் அதில் இல்லை. கரையில் வாழ்பவர் கடலுக்குச் செல்பவரை அறிந்திருப்பார் என்பது அவரது இயல்பான எண்ணம். நாங்கள் விடையின்றி நின்றோம்.

பெசன்ட் நகர் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது ஊரூர்க் குப்பம். நாள்தோறும் மாலையில் அதன் படகுகளைக் கடந்தே நடக்கிறோம். 1930இல் நீரில் தத்தளித்தோரைக் காக்க முயன்று உயிர்நீத்த டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டின் நினைவுச்சின்னத்தைக் குழந்தைகளுக்குக் காட்டியிருக்கிறோம். ஆனால், அதே அலைகளில் நாள்தோறும் இறங்குவோரில் ஒருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபியவர்கள் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய உறவல்லவா அது? அண்டை வீட்டார் என்பதில் சமய வேறுபாடு கிடையாது.

ஊர் திரும்பிய மறுநாள், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் குப்பத்துக்குச் சென்றோம். வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒருவரிடம் எங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு அவர் பெயரைக் கேட்டோம். “இத்தனை வருஷமா இங்கதான் இருக்கீங்களா?” என்று வியந்தார்.

மீன் வாங்க வந்தோரென்று அவர் எங்களைக் கருதாதிருக்க, இன்னும் பல காலைகள் செல்ல வேண்டும். அதற்கான உறுதியை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.